சாட்சிப் புட்டி

மூக்கண்ணனுக்கு மூக்கு அப்படியொன்றும் பெரிதில்லை. கண்ணாடி நிற்பதற்குப் போதுமான, சாதாரண மூக்கு. ஆனாலும் வேலையிடத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. சம்பளம் போடுகிறவரே கொஞ்சம் யோசித்துத்தான் உண்மைப் பெயரை எழுதுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி எரிபொருள் நிரப்புகிற யாரும் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யோசிப்பதில்லை. கீழே பெரிய இரும்புத் தொட்டிகள் புதைந்து கிடக்கின்றன. இரும்பென்றால் துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் ஒழுகும். ஒழுகியது சும்மா இருக்காது. மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டு, அதன் மேல் பாலேடு மாதிரிப் படர்ந்து, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். எதுவரை போயிருக்கிறது என்று துளை போட்டுப் பார்த்து, மண்ணும் தண்ணீரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிற சின்ன நிறுவனம் ஒன்றில் மூக்கண்ணன் மாதிரி எடுப்பவர். துளையிலிருந்து குழாய் மேலே வந்து மண் வெளியே தலை காட்டியதுமே, வாடையை அளக்கும் கருவி வாய் திறப்பதற்கு முன்னால், "டீசல். கிழட்டு டீசல்" என்றோ, "பெட்ரோல். இளசு" என்றோ சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். மண்ணை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவரும் அவரேதான்.

சுத்த விஷயத்தில் அவர் ஒரு வெறியர். மாதிரி எடுக்கிற நாளன்று வண்டிக்குப் பெட்ரோல் போட விடமாட்டார்; முந்தின நாளே போட்டாக வேண்டும். கையில் ஒரு சொட்டு ஒட்டியிருந்தால் போதும், ஒரு பாவமும் அறியாத கிணற்றின் மேல் பழி விழுந்துவிடும். அன்றைக்கு வாசனைச் சோப்பு கூடாது, முகத்துக்குக் கிரீம் கூடாது, புட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதவும் கூடாது, பென்சில்தான். கிணற்றுக்குக் கிணறு புதுக் கையுறை. சோதனைக் கிணறு என்பது மண்ணில் இறக்கிய ஒல்லிக் குழாய்; அதில் தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணீரை முதலில் வெளியே எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊறி வந்த பிறகுதான் மாதிரி பிடிக்க வேண்டும். எடுத்துப் போட்ட பழைய தண்ணீரைத் தரையில் ஊற்றினால் மூக்கண்ணன் ஆளைக் கொன்றுவிடுவார். பீப்பாயில் ஊற்றி, மூடி முறுக்கி, அழிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். யாராவது அவசரப்பட்டு பம்பை வேகமாக ஓட்டினால், "தூங்குற குழந்தையத் தொட்டில்லேர்ந்து தூக்குற மாதிரித் தூக்குடா. முழிச்சுக்கிச்சுன்னா பெட்ரோல் பறந்துடும், அப்புறம் நீயும் நானும் வெறும் தண்ணியத்தான் லேபுக்கு அனுப்பணும்" என்பார்.

புட்டியை விளிம்பு தளும்ப நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்ப்பார். கடுகளவு குமிழி மேலே ஏறினாலும் கொட்டிவிட்டு மறுபடி. பெட்ரோல் திருட்டுப் பயல். சின்னச் சந்து கிடைத்தாலும் தண்ணீரை விட்டுவிட்டு அதற்குள் போய் ஒளிந்துகொள்வான் என்பது அவர் விளக்கம். மண்ணென்றால் இன்னும் அவசரம். ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு துண்டு மண்ணைக் குத்தி எடுத்து, காற்று படுவதற்குள் ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் புட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும். அதைச் செய்யும்போது அவர் மூச்சுகூட விடமாட்டார். மரியாதையா, முன்ஜாக்கிரதையா என்று யாரும் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு புட்டி உண்டு. ஆய்வகத்தார் பிளாங்க் என்பார்கள். மூக்கண்ணன் அதற்குச் சாட்சி என்று பெயர் வைத்திருந்தார். ஆய்வகம் கொடுத்தனுப்பும் பரிசுத்தமான தண்ணீரை வேலையிடத்திலேயே ஒரு புட்டியில் ஊற்றி, மற்றப் புட்டிகளோடு அதே ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது வழக்கம். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இல்லையென்றால் நம் கையும் சுத்தம், பெட்டியும் சுத்தம், மற்றப் புட்டிகள் சொல்வதெல்லாம் உண்மை. அதிலேயே பெட்ரோல் இருந்தால் எல்லாம் போச்சு. மாதிரிகளைக் கெடுத்தது நாமேதான். மூக்கண்ணனின் சாட்சி அதுவரை ஒருமுறைகூடப் பிறழ்ந்ததில்லை. அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவர் விடுவதுமில்லை.

கருவிகளைக் கழுவுவதில் மட்டும் அவருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. வேலையிடத்தில் டிரில்லர் (துளை போடும் எந்திரத்தை ஓட்டுகிறவர், ஆள் பலசாலி, வேலையில் கெட்டிக்காரர், கழுவுவதில் சுத்த சோம்பேறி) ஒரே வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் முக்கி எடுத்து உதறிவிடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல், வாரக் கடைசியில் பம்பு, குழாய், கயிறு, அளவு நாடா எல்லாவற்றையும் மூக்கண்ணன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார். பின்கட்டில் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. சோப்பு, பிரஷ், பிறகு மூன்று அலசல். கடைசியில் பம்பை ஓட்டிப் பார்த்து, கண்ணாடி மாதிரித் தண்ணீர் வந்தால்தான் பெட்டிக்குள் வைப்பார். இந்த வேலைக்கு யாரும் அவருக்குத் தனியாகச் சம்பளம் தரவில்லை. மனைவி அதையும் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

மனைவி சொல்லிக் காட்டியவற்றில் இன்னொன்று, வாடை.

"என்னங்க, குழாய்த் தண்ணியில ஒரு மாதிரி வாடை அடிக்குது."

"தண்ணியிலயா? என் சட்டையில அடிக்குது. நாள் பூரா பெட்ரோல்ல நிக்கறவன் மேல பன்னீர் வாசனையா வரும்?"

மழைக்காலம் முடிந்ததிலிருந்து இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மனைவி அவர் சட்டைகளைத் தனியாகத் துவைக்க ஆரம்பித்தார். வாடை போகவில்லை. வேலைச் செருப்பை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார். அப்போதும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் மகளுடைய தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து யாரும் குடிக்க மாட்டேன் என்கிறார்களாம். பெட்ரோல் பங்க் என்று கூப்பிடுகிறார்களாம். "அப்பா, நீங்க உங்க வண்டியில என் பையை வைக்காதீங்க" என்று அவள் அழுதபோது மூக்கண்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு பையை அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்கட்டில் ஒரு பூச்செடி பட்டுப்போனதற்கு மட்டும் அவர் வேறு காரணம் வைத்திருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மைத்துனன் வீடு. மைத்துனனிடம் பழைய லாரி ஒன்று உண்டு. அது நிற்கிற இடமெல்லாம் ஒழுகும்.

இந்தச் சமயத்தில்தான் தெருமுனைப் பங்கு வேலை வந்தது. மூக்கண்ணன் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத, ஊரின் மறுகோடியில் இருக்கிற தெருமுனை. பங்குக்குப் பின்னால் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு கிணறு. தண்ணீர் நாறுகிறது என்று அந்தத் தெருக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். எங்கள் தொட்டி ஒழுகவில்லை, தெருவில் யாரோ கொட்டியது என்று பங்கின் மேலாளர் சாதித்துக்கொண்டிருந்தார். யார் சொல்வது உண்மை என்று மூக்கண்ணனின் புட்டிகள் சொல்ல வேண்டும்.

மண் மாதிரி முதல் நாளே முடிந்துவிட்டது. மறுநாள் தண்ணீர் எடுப்பதற்காக அன்றே ஐஸ் பெட்டியைத் தயார் செய்யும்போது, ஆய்வகத் தண்ணீர்க் கேன் காலியாகக் கிடந்தது.

"டேய், இதுல இருந்த தண்ணி எங்கடா?"

"அதாண்ணே," என்றார் டிரில்லர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "வண்டி பேட்டரி வத்திப்போச்சு. ஊத்திட்டேன்."

"லேப் தண்ணியப் பேட்டரிக்கு ஊத்தினியா?"

"டிஸ்டில்டு வாட்டர்னு போட்டிருந்துச்சே. பேட்டரிக்கு அதைத்தானே ஊத்துவாங்க? சுத்தமானதுதாண்ணே, ஒண்ணும் ஆகாது."

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கண்ணனுக்குத்தான் ரத்தம் கொதித்தது. ஆய்வகத்திலிருந்து வேறு கேன் வரவழைத்தால் வேலை தள்ளிப்போகும். மேலாளர் அதற்குள் இன்னொரு கடிதம் எழுதிவிடுவார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் சமையலறையில் கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு சுத்தமான கேனை நிரப்பினார். உலகத்தில் தண்ணீரைப் பற்றி அவர் அளவுக்குச் சந்தேகப்பட்டவர் கிடையாது. அந்தச் சந்தேகமெல்லாம் ஊரார் கிணற்றோடு சரி. தன் வீட்டுக் கிணறு அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. மறுநாள் காலை பங்கில் வைத்து அந்தத் தண்ணீரையே சாட்சிப் புட்டியில் ஊற்றி, கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, குமிழி இல்லையென்று திருப்தியாகி, ஐஸ் பெட்டியில் மற்றவற்றோடு படுக்க வைத்தார்.

முடிவு வந்த அன்று மூக்கண்ணனும் டிரில்லரும் அலுவலக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேடம் வெளியே வந்தார். நிலவியல் படித்த இளம்பெண். நிறுவனத்தின் ஆய்வுகளுக்கெல்லாம் பொறுப்பு. பொதுவாக வேகமாக நடப்பவர், அன்று மெதுவாக வந்தார்.

"அண்ணா, லேப்லேர்ந்து போன் பண்ணாங்க. உங்க சாட்சி பல்டி அடிச்சுடுச்சு."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"பிளாங்க்ல பெட்ரோல்."

மூக்கண்ணன் சிரித்தார். டிரில்லரும் சேர்ந்து சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"வேற யாரோட புட்டியாவது மாறியிருக்கும் மேடம்."

"ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டாங்க. தெருவுல கடைசி ரெண்டு வீட்டுக் கிணத்த விட இதுல ஜாஸ்தி. பங்கு மேலாளருக்கும் தெரிஞ்சுபோச்சு. உங்க சுத்தமான தண்ணியிலயே பெட்ரோல் இருக்குன்னா எங்க தொட்டிய எப்படிக் குத்தம் சொல்வீங்கன்னு கேக்கறார். என்ன பதில் சொல்றது? ஐஸ் பெட்டி எடுத்துட்டுப் போன டிரைவர்தான் அதைப் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்துல வச்சிருக்கணும். அந்தாளை இன்னிக்கே நிறுத்தச் சொல்லப்போறேன்."

டீ டம்ளரை மூக்கண்ணன் கீழே வைத்தார். வைத்த இடத்தில் தரை இல்லை. டம்ளர் படியிலிருந்து உருண்டு போனது.

"மேடம், டிரைவர் மேல தப்பில்ல. அது லேப் தண்ணி இல்ல."

"பின்ன?"

பேட்டரிக் கதையைச் சொன்னார். டிரில்லர் வானத்தைப் பார்த்தார். மேடத்தின் முகம் முதலில் சிவந்தது. விதியை மீறியதற்குத் திட்டு விழப் போகிறது என்று மூக்கண்ணன் தலையைக் குனிந்து காத்திருந்தார். திட்டு வரவில்லை.

"வீட்டுல எங்கே பிடிச்சீங்க?"

"சமையலறைக் குழாய்ல. கிணத்துத் தண்ணி மேடம், ரொம்பச் சுத்தமான..."

"அண்ணா." மேடத்தின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அது நீங்க குடிக்கிற தண்ணியா?"

தூக்கிவாரிப் போட்டது என்பார்கள். மூக்கண்ணனுக்கு அப்படியொன்றும் ஆகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அதுவரை அவர் மனதில் ஓடியதெல்லாம் புட்டி, சாட்சி, தன் பெயர். அந்தப் புட்டிக்குள் இருந்தது, மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிற தண்ணீர் என்பது அந்தக் கேள்வி வரும்வரை உறைக்கவே இல்லை. பேயறைந்த மாதிரி நின்றவரை டிரில்லர்தான் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

வீட்டுக்குப் போன் செய்து, "குழாயத் திறக்காதே. யாரும் குடிக்காதீங்க. தண்ணியில பெட்ரோல் இருக்கு" என்றார்.

மறுமுனையில் மனைவி, "யார் சொன்னா?" என்றார்.

"லேப்ல."

"ஓ. லேப்ல சொன்னாத்தான் பெட்ரோல். நான் சொன்னா சட்டை."

மறுநாள் மேடமும் டிரில்லரும் மூக்கண்ணன் வீட்டுக்குக் கைத்துளைக் கருவியோடு வந்தார்கள். கிணற்றில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் நிறுத்த முடியும். தன் வீட்டு மண்ணில் தானே மாதிரி எடுக்கக் கூடாது என்பதால் மூக்கண்ணன் பின்வாசல் படியில் உட்கார வைக்கப்பட்டார். அவர் வாழ்க்கையில் அடுத்தவர் மாதிரி எடுப்பதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் மனைவி நின்றார். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கடைத் தண்ணீரோடு அனுப்பியாகிவிட்டது.

"அங்கே எதுக்குத் தோண்டறீங்க? மதில்கிட்ட தோண்டுங்க," என்றார் மூக்கண்ணன். "லாரி மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது. எனக்கு அப்பவே தெரியும். செடி பட்டுப்போனப்பவே தெரியும்."

மதிலுக்கு மேலே மைத்துனனின் தலை முளைத்தது. "என்ன மாமா, வீட்டுக்குள்ளயே புதையலா? கெடச்சா அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி."

"உன் லாரி ஒழுகினதுதாண்டா புதையல். என் குடும்பத்தையே குடிக்க வச்சிட்டியேடா!" என்று மூக்கண்ணன் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. மைத்துனனின் தலை அப்படியே நின்றது. அக்காவைப் பார்த்தது. அக்கா தோண்டுகிற இடத்தையே பார்த்தார். தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மதிலோரம் தோண்டிய மண்ணை மேடம் பிளாஸ்டிக் பையில் போட்டு, கட்டி, வெயிலில் கொஞ்சம் வைத்து, முகரும் கருவியின் முனையைப் பைக்குள் நுழைத்தார். இந்தக் கருவிக்கு டிரில்லர் வைத்த பெயர் மெஷின் மூக்கு. பெட்ரோல் ஆவி பட்டால் எண் ஏறும், நிறைய பட்டால் கூவும். எண் ஏறவில்லை.

"ஆழமாத் தோண்டுங்க," என்றார் மூக்கண்ணன்.

ஆழமாகத் தோண்டினார்கள். மெஷின் மூக்கு தூங்கியது. மைத்துனனின் லாரி அவ்வளவு வருஷம் ஒழுகி, மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டுகூட அனுப்பியிருக்கவில்லை. மேடம் மதிலை விட்டு நகர்ந்து தோண்டினார், ஒன்றுமில்லை. இன்னும் நகர்ந்தார், எண் லேசாக அசைந்தது. இப்போது அவர்கள் துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றார்கள்.

"அது கழுவுற இடம்," என்றார் மூக்கண்ணன். "அங்க எதுக்கு? அதுதான் இந்த வீட்டுலயே சுத்தமான இடம்."

டிரில்லர் கைப்பிடியை அழுத்திச் சுற்றினார். மண் வெளியே வந்தது. மேலே பழுப்பு. அதற்குக் கீழே, பங்குகளின் அடியில் மூக்கண்ணன் நூறு தடவை பார்த்திருக்கிற அதே சாம்பல் பச்சை. ஈரத்தில் வானவில் மாதிரி ஒரு மினுக்கம். பையில் போட்டு மெஷின் மூக்கை நீட்டுவதற்கு முன்னாலேயே டிரில்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கண்ணனுக்கு ஒரு வாசனையும் வரவில்லை. கருவி கூவ ஆரம்பித்தது. நிறுத்தாமல் கூவியது.

மேடம் அதை அணைத்தார். பிறகு, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், ஒவ்வொரு வேலையிடத்திலும் எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "இங்கே என்ன கழுவுவீங்க?"

"பம்பு. குழாய். கயிறு. எல்லாம்."

"கழுவின தண்ணி எங்கே போகும்?"

புதிதாக வருகிறவர்களிடம் மூக்கண்ணன் கேட்கிற முதல் கேள்வி அது. தரையில் ஊற்றினால் மண், மண்ணிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து நீ என்று விரலை நீட்டிச் சொல்லுவார். குழாய்க்குள் தேங்கி வந்த பங்குத் தண்ணீர், கயிற்றில் ஊறி வந்த பெட்ரோல், அத்தனையும் இந்தக் கல்லில் நுரைத்து, பூச்செடியின் வேருக்கு ஓடியது. ஒவ்வொரு வாரமும் ஓடியது.

"இது மட்டும்னா கிணறு இவ்வளவு கெட்டிருக்காதே," என்றார் மேடம், பாதி தனக்குத்தானே. "கழுவின பிறகு பம்பு ஓடுதான்னு எதுல விட்டுப் பாப்பீங்க?"

மூக்கண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார். எதைக் காட்டுகிறோம் என்று யோசிக்காமல், பழக்கத்தில் தூக்கிய கை. விரல் நேராகக் கிணற்றைப் பார்த்து நின்றது. நின்ற விரலை அவரே பார்த்தார். பெட்ரோல் மிதக்கிற கிணறுகளிலெல்லாம் மூழ்கி எழுந்த பம்பை, அதன் வயிற்றுக்குள் மிச்சமிருப்பதைக் கடைசிச் சொட்டு வரை அலசி எடுக்க, வாராவாரம் அவர் இறக்கியது தன் வீட்டுக் கிணற்றில். கண்ணாடி மாதிரித் தண்ணீர் வரும் வரை ஓட்டுவார். அவர் பம்பு சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கு விலையாக ஊரிலேயே சுத்தமான தண்ணீரை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கையை இறக்கத் தெரியவில்லை. மனைவிதான் பிடித்து இறக்கினார்.

"உங்க சட்டையைத் தனியாத் துவைச்சேனே," என்றார் மெல்ல. கோபமில்லை, கணக்கு போடுகிறவர் குரல். "வாடை போகலை, போகலைன்னு இன்னொரு தடவ அலசுவேன். இதே கல்லுல. இதே தண்ணியில. சட்டையால தண்ணி நாறுதுன்னு நீங்க சொன்னீங்க. தண்ணியாலதான் சட்டையே நாறியிருக்கு."

டிரில்லருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆச்சரியம் என்னவென்றால் மனைவிக்கும் வந்தது. அது பாதியில் வேறாகி, முகத்தை மூடிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார். மூக்கண்ணன் அந்தச் சாம்பல் பச்சை மண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் யார் கிணறு கெட்டாலும் காரணம் கண்டுபிடித்தவருக்குத் தன் முதுகு தெரியாமல் போய்விட்டது என்று பழமொழி சொல்லி முடித்துவிடலாம். முதுகென்றால் பரவாயில்லை. அவர் கண்டுபிடிக்காமல் விட்டது தன் கையை.

அன்று அவர் செய்ய வேண்டிய வேலை இன்னொன்று பாக்கியிருந்தது. மேடம் நிலத்தின் சரிவைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் தண்ணி எப்படிப் போகுது?" என்று கேட்டார். மூக்கண்ணனுக்கு அது தெரியும். மதில் பக்கம் போகிறது.

மைத்துனன் வீட்டு வாசலில் போய் நின்றார். கையில் இரண்டு காலிப் புட்டிகள், பின்னால் மேடம்.

"மச்சான், உன் கிணத்துலயும் ஒரு புட்டி எடுக்கணும்."

மைத்துனன் கதவில் சாய்ந்துகொண்டான். "எதுக்கு மாமா? என் லாரி ஒழுகி உன் வீட்டுக்கு வந்துச்சுன்னு ஊருக்கே சொல்லியாச்சே. இப்ப என் கிணத்துலேர்ந்து என்ன எடுக்கப்போறே, கைரேகையா?"

"லாரி இல்லடா. நான்தான். என் வீட்டுலேர்ந்து உன் வீட்டுக்கு வந்திருக்கலாம்."

கேலி செய்கிறாரா என்று மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மேடத்தைப் பார்த்தான். சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

"மாமா, வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

"தெரியும்டா. அதனாலதான் வந்தேன். முடிவு வர்ற வரைக்கும் குடிக்கவும் வேணாம், குளிப்பாட்டவும் வேணாம்."

மைத்துனன் திட்டுவான் என்று மூக்கண்ணன் எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவன் உள்ளே பார்த்து, "குழந்தைக்குத் தண்ணி வைக்காதே, வச்சதைக் கொட்டு" என்று கத்தினான். பிறகு விலகி வழி விட்டான். மேடம் மாதிரி எடுக்கும்வரை மூக்கண்ணன் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாட்சிப் புட்டியில் ஊற்ற ஆய்வகத்தின் முத்திரை உடைக்காத கேன் இருந்தது. அதை மேடமே திறந்து, மேடமே ஊற்றினார்.

முடிவு வருவதற்குள் மூக்கண்ணன் பாதியாகிவிட்டார். மைத்துனன் கிணறு தப்பித்தது. சாட்சியும் சுத்தம். தெருமுனைப் பங்கிலும் வேறு ஆட்கள் போய் மறுபடி மாதிரி எடுத்தார்கள். புட்டிகள் முன்பு சொன்னதையே சொல்லின. தொட்டி ஒழுகத்தான் செய்கிறது. மேலாளருக்குச் சொல்ல வேறு கதை கிடைக்கவில்லை. பங்கை மூடிவிட்டு, தெருவுக்கு லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். ஐஸ் பெட்டி டிரைவர் இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். தன் வேலை ஒரு நாள் காலையில் தொங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

மூக்கண்ணன் வீட்டுப் பின்கட்டில் கல்லை உடைத்தார்கள். கல்லுக்குக் கீழே பள்ளம் தோண்டி, அந்த மண்ணை மூட்டை கட்டி அனுப்பினார்கள். கிணற்றை இறைத்து இறைத்துப் பீப்பாயில் பிடித்தார்கள். பழைய தண்ணீரைத் தரையில் ஊற்றக் கூடாது என்பதால் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. வேலையிடத்தில் மூக்கண்ணன் பீப்பாய்களை நிற்க வைப்பாரே, அதே ஒழுங்கு. நிறுவனம் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வெளிவேலையை மட்டும் நிறுத்தியது. அலுவலகத்தில் காலிப் புட்டிகளை எண்ணி அடுக்குகிற வேலை. கருவிகளைக் கழுவுவது முறைப்படி ஓர் ஒப்பந்தக்காரருக்குப் போனது. அந்தக் கழுவலைப் பற்றி டிரில்லர் விசாரித்துச் சொன்னதைக் கேட்டு மூக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இனி அதைக் குறை சொல்கிற உரிமை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பெட்ரோல் பக்கமே போகாமல் மாதங்கள் ஓடின. மகள் கடைத் தண்ணீர்ப் பாட்டிலோடு பள்ளிக்கூடம் போனாள். பெட்ரோல் பங்க் என்ற பெயர் மட்டும் போகவில்லை. அப்பாவுக்கும் ஒரு பெயர் இருக்கிறதல்லவா என்று மனைவி அவளைச் சமாதானம் செய்தார்.

அடுத்த மழை வந்து நின்ற பிறகு மேடம் இன்னொரு முறை கிணற்றில் மாதிரி எடுக்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர் இறைத்து வெளியே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். காலையில் மூக்கண்ணன் இறைத்தார். வாளி மேலே வந்து, கைப்பிடிச் சுவருக்கு எட்டியதும், அவர் தலையைப் பின்னால் இழுத்தார். கயிறு கையில் இருந்ததால் வாளி விழவில்லை.

பெட்ரோல். இளசும் இல்லை, கிழடும் இல்லை. அவருக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. மூக்கில் ஏறி, தொண்டையில் கசந்து, கண்ணில் நீர் வரவழைத்தது. முன்னைவிடப் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்று மேடம் சொல்லியிருந்தார். நாள் பூரா பெட்ரோலிலேயே நின்று மரத்துப்போயிருந்த மூக்கு இப்போதுதான் முழித்திருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி குனிந்து முகர்ந்தார். பிறகு சமையலறை வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், இங்க வா! இது நாறுது!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். வாளியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார்.

"இப்படியா இருந்துச்சு?" என்றார் மூக்கண்ணன். "இப்படியாடி இருந்துச்சு?"

"இதை விட மோசமா இருந்துச்சு," என்றார் மனைவி.